அக்ரிபினாவின் பால் சீட்டு

அக்ரிபினா பால் குடிக்க மாட்டாள். மால்டோவா நாட்டில் நிஸ்த்ரு ஆற்றோரம் இருக்கும் ஒரு சந்தையில் பத்தொன்பது வருடமாகப் பாலைச் சோதித்துச் சோதித்து, பால் என்றாலே அவளுக்குச் சந்தேகம்தான். காலை ஆறு மணிக்கு, வெண்ணெய்க் கடைகளுக்குப் பின்னாலிருக்கும் தன் அறையைத் திறப்பாள். பால்காரிகள் ஆளுக்கொரு போத்தலில் மாதிரியைக் கொண்டுவந்து வரிசையாக வைப்பார்கள். அவள் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் ஒரு குவளைகூட விற்க முடியாது. எதிரில் தவித்து நிற்பவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேண்டுமென்று மெதுவாகச் சீட்டு எழுதுவது அவளுடைய அன்றாடப் பொழுதுபோக்கு. சந்தையே அவளைத் திட்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டார் மட்டும் பால் வாங்குமுன் அந்தச் சீட்டைத்தான் கேட்பார்கள்.

வர்வாராவுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். வாசலை ஒட்டிய முதல் கடை வர்வாராவுடையது. அங்கே வரும் கூட்டத்துக்கு அவளுடைய ஒற்றை மாட்டின் பால் போதாது. மீதிக்குக் கிணறு கைகொடுக்கும். வியாழக்கிழமை பிறந்த மாட்டுக்கு அந்தப் பக்கத்தில் ஜோயானா என்று பெயர். ஊரில் எத்தனையோ ஜோயானா இருந்தாலும் தன்னுடையதற்கு ஈடில்லை என்று வர்வாரா அடித்துச் சொல்வாள். தண்ணீர் கலந்ததற்காக அக்ரிபினாவின் பதிவேட்டில் ஏற்கெனவே இரண்டு சிவப்புக் கோடு வாங்கியிருந்தாள். மூன்றாவதும் விழுந்தால் முதல் கடை பறிபோகும், மீன் கடைகளுக்கு அப்பால் கடைசி வரிசைதான்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, கைப்பழக்கத்தில், கறந்த பால் முழுவதிலும் தண்ணீரை ஊற்றிவிட்டாள். மாதிரிப் போத்தலுக்குக் கலக்காத பாலைத் தனியே எடுத்து வைக்கவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டு தெக்லாவிடம் ஓடினாள். சந்தைக்கு என்று சொல்லிக் கேட்டால் மானம் போகும். அதனால் பன்றிக்குட்டிக்கு என்று கேட்டாள். பன்றிக்குட்டிக்குத்தானே என்று தெக்லாவும் சந்தோஷமாகப் போத்தலை நிரப்பிக் கொடுத்தாள். மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட மாட்டின் பால் அது. மனிதர் குடிக்கக் கூடாதென்று கொட்டுவதற்காக எடுத்து வைத்திருந்தாள்.

அக்ரிபினா சோதித்தாள். கொழுப்பு அமோகம். தண்ணீர் துளியும் இல்லை. வர்வாரா தலையை நிமிர்த்திக்கொண்டாள். அக்ரிபினா இன்னொரு தாளைப் பாலில் நனைத்தாள். மருந்து இருந்தால் அந்தத் தாளில் ஒரு கோடு தோன்றாது. அது தோன்றவில்லை; பாலில் மருந்து இருந்தது. கொழுப்பைப் பார்த்தபோதே இது ஜோயானாவின் பால் இல்லை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனால் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுவாளா?

“வர்வாரா அக்கா, ஜோயானாவுக்கு உடம்பு சரியில்லையா? ஊசி போட்டிருக்கீங்க போல.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்து நாள் விற்கக் கூடாது, அவ்வளவுதான். கடை பிழைக்கும். வர்வாராவும் வாயைத் திறந்துவிட்டாள். அதற்குள் பின்னால் நின்ற பால்காரிகள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஜோயானாவுக்கு மடி கெட்டுப்போச்சாம் என்று ஒருத்தி அடுத்தவளிடம் கிசுகிசுத்தாள். வர்வாராவுக்குச் சுரீரென்றது.

“என் மாட்டுக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் திருட்டு வேலை பண்ணேன். அது தெக்லா வீட்டுப் பாலு.”

அக்ரிபினா சிரிப்பை அடக்கிக்கொண்டு வர்வாராவின் கேனிலிருந்தே பால் எடுத்துப் பார்த்தாள். மருந்து இல்லை, தண்ணீர் தாராளம். சிவப்புக் கோடு போட்டு, யாரும் வாங்கிவிடாதபடி கேனில் நீலச் சாயத்தை ஊற்றினாள். உண்மையைச் சொன்னவளின் கடை போகிறதே என்று அவளுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. வர்வாரா அழவில்லை, கெஞ்சவில்லை. சீட்டில் மாட்டைப் பற்றியும் எழுதித் தந்தால்தான் நகருவேன் என்று நின்றாள்.

“எழுதுறேன். உங்களவிட அது யோக்கியம்” என்றாள் அக்ரிபினா.

வழக்கம்போல் மெதுவாகவே எழுதினாள். மேல் வரியில், பாலில் தண்ணீர் உள்ளது. கீழ் வரியில், மாட்டின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அடியில் முத்திரை.

மறுநாள், மீன் நாற்றமடிக்கும் கடைசி வரிசையில் வர்வாரா கடை போட்டாள். வருகிறவர் கண்ணில் படும்படி அந்தச் சீட்டைத் தொங்கவிட்டிருந்தாள், மேல் வரியை மட்டும் பின்னால் மடித்துவிட்டு.