ஆத்தாவுக்கு இங்கிலீஷில் என்ன?

போன வாரம் எங்கள் ஆபீஸில் ஓர் இளைஞர் இருபது நாள் லீவு முடிந்து திரும்பினார். என்ன நோய் என்று எழுத வேண்டிய இடத்தில் 'டைஃபாய்டு' என்று ஒரே இழுப்பில் எழுதிக் கொடுத்தார். நாற்காலியைத் துடைத்தார். உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதானா? எனக்குப் பொறாமையாக இருந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படி வேலைக்குத் திரும்பியவன்தான். அப்போது மேல வெளி வீதியில் ஒரு பஞ்சுக் கம்பெனியில் குமாஸ்தா. பரவையிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். நிலம், மாடு என்று இருந்த எங்கள் குடும்பத்தில் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் போன முதல் ஆள்... அந்தப் பெருமை இருக்கிறதே!

ஒரு சித்திரையில் படுத்தேன். உடம்பெல்லாம் முத்து. வாசலில் வேப்பிலை. இரண்டு மாதம் வாழை இலையில் கிடந்தேன். மூன்று குழந்தைகளையும் பக்கத்தில் விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே அவர்கள் குரல் கேட்டால் சந்தோஷம். ஒரு குரல் குறைந்தால் நெஞ்சு நின்றுவிடும்.

லீவு லெட்டரை மூத்த மகள் லட்சுமி எழுதினாள். ஆறாவது படித்தாள். "ஆத்தா வந்திருக்கா, அப்பா வேலைக்கு வர மாட்டாருன்னு எழுதுடி" என்றாள் என் மனைவி. மகளும் அப்படியே இங்கிலீஷில் எழுதிவிட்டாள் — 'மதர் ஹேஸ் கம். ஃபாதர் வில் நாட் கம்.'

இதெல்லாம் நான் திரும்பிப் போன அன்றுதான் தெரிந்தது. முகத்தை மேல்துண்டால் மூடிக்கொண்டு படியேறினேன். ஹெட் கிளார்க் சங்கரலிங்கம் அண்ணன் எழுந்து ஓடி வந்தார் — நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

"சீட்டைக் கிழிக்கப் போறாருப்பா துரை! கடுதாசி டைப் ஆயிருச்சு. அம்மா வந்ததுக்கு ரெண்டு மாசம் லீவாங்கிறாரு."

"நீங்க எடுத்துச் சொல்லலையாண்ணே?"

"சொல்லாம என்ன? மதர் போயாச்சான்னு கேட்டாரு. நாட் யெட் காட் டவுன் சார்னேன். இன்னும் இறங்கலைங்கிறதை வேற எப்படிச் சொல்றது? ரயிலை விட்டு இறங்க இம்புட்டு நாளான்னு குதிக்கிறாரு!"

"நோவோட பேரைச் சொல்லியிருக்கலாமே..."

"அந்தப் பேரை வாயால சொல்றதா? நம்ம வீட்டுலயும் புள்ளகுட்டி இருக்குய்யா!"

உள்ளே போனேன். சீமையிலிருந்து புதிதாக வந்த துரை. தலை நிமிராமலே, "அம்மா ஊருக்குப் போய்விட்டார்களா?" என்று இங்கிலீஷில் கேட்டார். முன்னால் அந்தக் கடுதாசி. கையெழுத்துதான் பாக்கி.

இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் வேலை மிஞ்சும். எனக்குத் தெரிந்த வார்த்தைதான். படித்தவன், இதையெல்லாம் நம்பாதவன் என்று ஊரில் பேர் வேறு. ஆனால் வாயைத் திறந்தால் மூன்று குழந்தைகளின் முகம் வருகிறது. சொல்லி, ஆத்தா திரும்ப வந்துவிட்டால்?

துண்டை எடுத்தேன்.

துரை நிமிர்ந்தார். நாற்காலி ஒரு முழம் பின்னால் போனது. என் முகத்தையும் லட்சுமியின் லெட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதை ஏன் எழுதவில்லை?"

"எழுதியிருந்தோமே, சார்."

லெட்டரை இன்னொரு முறை படித்தார். பிறகு டைப் அடித்த கடுதாசியை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். "போய் உட்கார்" என்றார்.

வெளியே சங்கரலிங்கம் அண்ணன் வேர்த்து நின்றார். "பேரைச் சொல்லிட்டியா?"

"இல்லண்ணே."

"அப்பாடா... பொழச்சோம்!"

வேலை என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவே இல்லை. எனக்கும் சைக்கிளில் பாதி வழி வந்த பிறகுதான் அந்த நினைப்பே வந்தது.

இவ்வளவு எழுதியும் அந்தப் பேரை நான் எங்கேயும் எழுதவில்லை, கவனித்தீர்களா? என்ன செய்ய... அதற்கப்புறம் பிறந்த கடைசிப் பையனுக்கு இப்போது ஏழு வயது.