நின்றுபோனதைச் சொல்லாதவள்

சட்டைக் கம்பெனியில் அவளை எல்லோரும் ‘செக்கிங் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். தைத்து முடித்த சட்டை எதுவானாலும் அவள் மேசையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போக வேண்டும். காலரில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும், பொத்தானில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. "அக்கா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்கடி" என்று தையல் பெண்கள் சலித்துக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்டவள் தன் வீட்டில் ஒன்றரை வருடமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு மாதவிலக்கு நின்றுபோய்விட்டது. நிற்கவில்லை என்று கணவரை நம்பவைத்துக்கொண்டிருந்தாள். விஷயம் இவ்வளவுதான். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். அவளுக்கு அழுகைதான் வந்தது.

வாயைத் திறந்து பொய் சொன்னாள் என்று யாரும் சொல்ல முடியாது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சுக் குறைந்த மனுஷர். கல்யாணமான புதிதிலிருந்தே அவளுக்கு வேண்டிய நாப்கின் பாக்கெட்டை அவர்தான் வாங்கிவருவார். கடைக்காரர் கறுப்புப் பையைத் தேடினால், "அதெல்லாம் எதுக்குங்க" என்று அப்படியே கையில் பிடித்துக்கொண்டு தெரு வழியே நடந்து வருவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பாக்கெட்டைக் குளியலறை அலமாரியில் அவள் எடுத்து வைத்தால் அந்த நாட்கள் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பாக்கெட் திரும்பப் பீரோவுக்குள் போனால் இந்தப் பக்கம் திரும்புவார். இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசித் தீர வேண்டிய காலம் வந்தபோதும் பேச வரவில்லை.

ஐம்பது நெருங்கும்போது உடம்பு தன் வேலையைக் காட்டியது. மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே மார்பிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து வழியாக முகத்துக்கு ஏறும். சட்டையைப் புரட்டுகிற விரல் வேர்வையில் வழுக்கும். வீட்டுக்கு வந்தால் மின்விசிறியை முழு வேகத்தில் வைப்பாள். அவர் போர்வைக்குள் சுருண்டுகொண்டு தும்முவார். தும்மினால் எரிந்து விழுவாள். எரிந்து விழுந்த கையோடு உட்கார்ந்து அழுவாள். கம்பெனியில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லி என்ன, கொஞ்ச நாள் அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

சூட்டையாவது பொறுத்துக்கொள்ளலாம். கணவரோடு சேர்ந்திருக்கும்போது உள்ளே உப்புத்தாளால் தேய்த்தது போல எரிந்ததே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள். சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்து மேசைக்காரி தனக்கு நின்றுபோனதை வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "அப்போ நீ ரிட்டையர்டுன்னு சொல்லு" என்று அந்த ஆள் சிரித்தாராம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவை அவள் திறக்கவே இல்லை.

செக்கிங் அக்காவுக்கு ரிட்டையர்ட் ஆக மனமில்லை. கணவரைப் பிடிக்காமல் போகவும் இல்லை. வலியிலிருந்து நாலு நாள் தப்பித்தால் போதும் என்றுதான் பாக்கெட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள். அடுத்த மாதம் அது ஒரு வாரமாயிற்று. அப்புறம் பாதி மாதம். பிரிக்காத பாக்கெட்டுகளைக் கைப்பையில் போட்டுக் கம்பெனிக்குக் கொண்டுபோய்த் தையல் பெண்களுக்குக் கொடுத்தாள். "அக்கா மாதிரி மனசு யாருக்கு வரும்!" என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது.

இதற்கிடையில் கணவரின் போக்கு மாறியது. வாளித் தண்ணீரைத் தூக்க விடமாட்டேன் என்றார். மாதுளம்பழத்தை உரித்துக் கிண்ணத்தில் போட்டு எதிரில் வைத்தார். "சாப்பிடு, ரத்தம் ஊறணும்" என்றார். இரும்புச்சத்து டானிக் வாங்கிவந்து காலையும் மாலையும் கரண்டியில் ஊற்றி நீட்டினார். இல்லாத வியாதிக்கு அந்தத் துருச் சுவையை மடக் மடக்கென்று விழுங்கினாள். அவரோ சரியாகச் சாப்பிடுவதில்லை. பெல்ட்டில் ஆணியால் புதுசாக ஒரு ஓட்டை போட்டிருந்தார். ஏன் இப்படி இளைக்கிறீர்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்.

அவருடைய அக்காவுக்கு இப்படித்தான் மாதத்தில் பாதி நாள் ரத்தம் போனது. வெளியே சொல்லாமல் வைத்திருந்து, கர்ப்பப்பைப் புற்றுநோயில் போய்ச்சேர்ந்தாள். அது இவளுக்கும் தெரியும். சாவு வீட்டில் கூடவே நின்றவள்தான். இருந்தும், அவருக்கு அந்த நினைப்பு வரும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. தன் வெட்கத்தை மூடுவதிலேயே குறியாக இருக்கிறவளுக்கு அடுத்த மனுஷர் பயம் எங்கே கண்ணில் படும்?

ஒரு நாள், "முட்டி வலிக்குது, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வா" என்றார். போனாள். எலும்பு டாக்டர் அறையைத் தாண்டி விறுவிறுவென்று நடந்து, பெண்கள் டாக்டர் அறை முன்னால் நின்றார். டோக்கனை அவள் கையில் கொடுத்தார்.

"கோவிச்சுக்காதே. சொன்னா வரமாட்டே."

உள்ளே அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். வாழ்க்கையிலேயே அவர் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"ரொம்ப நாளா ஜாஸ்தியா போகுது டாக்டர். மாசத்துல பாதி நாள். இவ யார்கிட்டயும் சொல்லமாட்டா. எங்க அக்காவும் இப்படித்தான்..."

"இந்த வயசுல அப்படிப் போனா சும்மா விடக்கூடாது" என்றார் டாக்டரம்மா. "மயக்கம் குடுத்து, கர்ப்பப்பையிலேருந்து கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்."

கதவு மூடியது. வேறு வழியில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பரிசோதித்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"நிறைய பேருக்கு இருக்கறதுதாம்மா. உள்ள வறண்டு போகுது, அதான் எரியுது. அதுக்கு க்ரீம் இருக்கு. சூட்டுக்கும் வழி இருக்கு. சரி, அவர்கிட்ட இப்போ என்ன சொல்றது?"

‘மருந்துல சரியாயிடும்னு மட்டும் சொல்லிடுங்க டாக்டர்’ என்பது நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அந்த ஒரு வரியில் எல்லாம் மூடிப்போகும். அப்போது கதவுக்கு வெளியே அவர் நர்ஸிடம் பேசுவது கேட்டது. "ஆபரேஷன்னா ரத்தம் வேணும் இல்லீங்களா? என் ரத்தம் சேருமான்னு இப்பவே பாத்துடுங்க."

"நானே சொல்லிக்கிறேன்" என்று எழுந்தாள்.

லிஃப்டில் கூட்டமாக இருந்ததால் படியிறங்கினார்கள். பாதிப் படியில் நின்றாள்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. ரத்தமே போகல. நின்னு ஒன்றரை வருஷமாச்சு. நான்தான் சும்மா பாக்கெட்டை எடுத்து எடுத்து வெச்சேன்."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்போ அக்காவுக்கு வந்தது இல்லையா?"

"இல்லீங்க."

"நெஜமா?"

"நெஜமாங்க."

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பாள். கூனிக் குறுகிச் சுவரோடு ஒட்டி நின்றாள். மேலே ஏறிவந்த யாரோ இரண்டு பேர் ஒதுங்கச் சொல்லிப் போனார்கள். அவர்கள் போனதும் கேட்டார்.

"எதுக்கு இப்படிப் பண்ணினே?"

"வலிக்குதுங்க."

"எங்க?"

அவள் முந்தானையை இழுத்து மடியை மூடிக்கொண்டாள். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் தலை குனிந்துகொண்டது.

"எப்போலேருந்து?"

"ரெண்டு வருஷத்துக்கு மேலயே."

"பொண்ணு கல்யாணம் முடிஞ்சு, போன வருஷம் கடல் பாக்கப் போய் ரூம்ல தங்கினோமே..." என்றவர் குரல் தணிந்தது. "அன்னிக்குமா?"

திரும்பி வரும்போது ரயிலில், புதுசாகக் கல்யாணம் ஆனது போலிருந்தது என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தவர் அவர். இல்லை என்று சொல்லிவிடலாம். அது அவருக்கு நல்லதும்கூட. ஆனால் இனி ஒரு பொய்யைத் தூக்க அவளுக்குத் தெம்பில்லை.

"அன்னிக்கும்தாங்க."

"நீ அழுதே. நான் அது சந்தோஷத்துலன்னு..."

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க என்ன பண்ணுவீங்க? நான் சொல்லலையே."

"பாத்திருக்கணும்" என்றார், கைக்குள்ளிருந்தே. "நான் உன் மூஞ்சியப் பாத்திருக்கணும்."