‘த’ வாரத்தில் வந்த தாலி

வெள்ளிக்கிழமை விடிகாலை முகூர்த்தம். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கல்யாணத்துத் தாலி என் வீட்டுக் கொல்லையில், ஒரு வண்டி ஆற்று மணலுக்குள் எங்கேயோ கிடந்தது. அதற்கு வழி பண்ணிக் கொடுத்தவள் நான்தான்.

இப்போது சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற பெண்கள் என்னிடம் வந்து, “ஆக்டிவிட்டிக்கு ஏதாவது ஐடியா சொல்லுங்க டீச்சர்” என்று கேட்கிறார்கள். ஐடியா நிறைய இருக்கிறது. முதலில் இதைக் கேளுங்கள் என்று உட்கார வைத்துவிடுவேன்.

1. வாரம் ஓர் எழுத்து

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். பட்டணத்தில் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு, கல்யாணமாகிப் பூந்தமல்லிக்கு வந்து சேர்ந்தேன். அங்கே பள்ளிக்கூடத்தில் ஐந்து வயது நிரம்பினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். அதற்குக் கீழே இருந்ததெல்லாம் தெருப் புழுதியில் புரண்டுகொண்டிருந்தன. எனக்கோ கை சும்மா இருக்காது. பதினோரு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வீட்டிலேயே குழந்தை வகுப்பு ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து அந்த வாரத்துக்கு ‘நோட்ஸ் ஆஃப் லெசன்ஸ்’ எழுதிவிடுவேன். வாரத்துக்கு ஓர் எழுத்துதான். திங்கட்கிழமை அந்த எழுத்தின் சத்தம். செவ்வாய் புளியங்கொட்டையை அடுக்கி அதன் உருவம். புதன் களிமண். வியாழன் ‘ஆப்ஜெக்ட் லெசன்’, அதாவது பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பாடம். ஸ்லேட்டும் பலப்பமும் வெள்ளிக்கிழமைதான் வெளியே வரும். ‘ப’ வாரத்தில் பம்பரம் விட்டோம், பப்பாளி தின்றோம். ‘க’ வாரத்தில் காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டுப் பதினோரு பேரும் கத்திய கத்தலில், நிஜக் காக்காய்கள் இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ‘த’ வேறு, ‘தா’ வேறு, ‘தொ’ வேறு என்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் காதுக்குப் பிடிபட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த முறை எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது. தப்பு அங்கேதான் நுழைந்தது.

2. பொட்டல விளையாட்டு

‘த’ வாரத்து வியாழனுக்கு ஒரு புது விளையாட்டு யோசித்தேன். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ‘த’வில் தொடங்கும் பொருள் ஒன்றைப் பூவரச இலையில் மடித்துக் கொண்டுவர வேண்டும். யாரும் பார்க்காதபோது கொல்லை மணலில் புதைக்க வேண்டும். அப்புறம் இன்னொரு பிள்ளை தேடும். புதைத்தவன் கை தட்டுவான். கிட்டே போனால் தட்டு பலக்கும், தள்ளிப் போனால் ஓய்ந்துவிடும். கண்டுபிடித்தவர் பொருளின் பேரைச் சொல்லி, மணலில் விரலால் ‘த’ எழுத வேண்டும்.

“எங்க புதைச்சேன்னு மூச்சு விடக் கூடாது. அம்மா கேட்டாலும் சொல்லக் கூடாது, அப்பா கேட்டாலும் சொல்லக் கூடாது, டீச்சரே கேட்டாலும் சொல்லக் கூடாது. சொன்னா ஆட்டம் குளோஸ்!” என்று விரலை ஆட்டிச் சொல்லி வைத்தேன்.

ஆட்டம் அமர்க்களமாகப் போயிற்று. தாயக்கட்டை வந்தது, தக்காளி நசுங்கி வந்தது. அத்தர் வியாபாரி மகள் ஜைத்தூன் அவள் அப்பாவின் தொப்பியையே கொண்டுவந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவரே வெறுந்தலையோடு வந்து நின்றார். “டீச்சரம்மா, தொழுகைக்கு நேரமாச்சு. என் தொப்பி படிச்சு முடிச்சிடுச்சா?” என்று கேட்டு, மணலை உதறித் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி போனார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பத்துப் பொட்டலம் கிடைத்துவிட்டது. பாக்கி ஒன்று, நகை செய்யும் கன்னியப்ப ஆசாரியின் மகன் ஏகாம்பரத்துடையது. நாலு வயது, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். அவன் முறை வருவதற்குள் பிள்ளைகளுக்குத் தாகம் எடுத்ததால் தண்ணீர் கொடுக்க எழுந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஆசாரி ஓடிவந்தார். பின்னாலேயே வெற்றிலை மண்டி முனியம்மாள். அவள் மகனுக்குத்தான் மறுநாள் கல்யாணம். செய்யக் கொடுத்த தாலியை வாங்கிப் போக வந்தவள், காலிச் சிமிழைப் பார்த்துவிட்டு ஆசாரியையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

“டீச்சரம்மா, எம்புள்ள காலைல ஏதோ இலையில மடிச்சி எடுத்துகினு வந்தானாமே, இன்னாது அது?” என்றார் ஆசாரி.

யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று நான் ஒரு வரிகூடக் குறித்துக்கொள்ளவில்லை. ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவன் பெருமையாகத் தலையை ஆட்டினான். “‘த’ தான் டீச்சர். தாலி” என்றான்.

முனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “எம்மா டீச்சரு! எயுத்து சொல்லித் தர்றேன்னுட்டு எம்புள்ள கண்ணாலத்தையே மண்ணுல பொதச்சிட்டியேம்மா! ஒன்றரைக்கு ராகு காலம் பொறக்குது. அதுக்குள்ள தாலி ஊடு போய்ச் சேரணும். சேரல, நாளையிலேர்ந்து ஒரு புள்ள உன் ஊட்டாண்ட வராது. நான் பாத்துக்கிறேன்!”

அவள் சொன்னால் செய்வாள். கடைத்தெருவில் அவள் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை. என் வகுப்பு அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

“எங்கடா வச்ச?” என்று ஆசாரி அதட்டினார். ஏகாம்பரம் உதட்டை இறுக்கிக்கொண்டான். கொஞ்சினார், கையை ஓங்கினார். ஊஹூம். கடைசியில் நானே கேட்டேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

“நீங்க கேட்டாக்கூட சொல்லக் கூடாது டீச்சர். ஆட்டம் குளோஸ் ஆயிடும்.”

முனியம்மாள் மண்வெட்டி எங்கே என்று கேட்டாள். “ஐயையோ, வோணாம்மா! வெட்டு பட்டா தாலி நசுங்கிடும்” என்று ஆசாரி குறுக்கே விழுந்தார். சல்லடையில் சலிக்கலாமென்றால் அரை நாள் ஆகும். மணியோ பன்னிரண்டரை.

அப்போதுதான் புத்தி வந்தது. பையன் அடம் பிடிக்கவில்லை, நான் போட்ட சட்டத்தைத்தான் காப்பாற்றுகிறான். சட்டப்படியே கேட்டால் கொடுத்துவிடுவான்.

“ஆட்டம் இன்னும் முடியல. உக்காருங்க எல்லாரும்” என்றேன். பிள்ளைகள் ‘ஹோ’வென்று சுற்றி உட்கார்ந்தார்கள். “முனியம்மாக்கா, நீங்கதான் தேடணும்.”

“நானா? இன்னா வெளாட்டும்மா இது!” என்று முறைத்தாள். ஆனால் வேறு வழி? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் மண்டி போட்டாள். ஏகாம்பரம் முகம் மலர்ந்து கை தட்டத் தொடங்கினான். இடது பக்கம் போனாள், தட்டு ஓய்ந்தது. வலது பக்கம் திரும்பினாள், பலத்தது. பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். “அங்க இல்ல! அங்க இல்ல! ஆங், ஆங்!” ஊரே பயப்படுகிற பெண்பிள்ளை, கொண்டை அவிழ்ந்து, நாலு வயதுப் பையனின் கைத்தட்டுக்குத் தவழ்ந்துகொண்டிருந்தாள். பாதி வழியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “த்தே, சும்மா இருங்கடா, கூச்சமா கீது” என்றாள்.

துளசி மாடத்துப் பக்கம் கை விட்டதும் தட்டல் மழையாகப் பொழிந்தது. இலைப் பொட்டலம் வந்தது. பிரித்தாள். தாலி பளபளவென்று இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

“இன்னாதான் கெடச்சாலும், மண்ணுல பொதைஞ்சதை எப்டி...” என்று முனியம்மாள் இழுத்தாள்.

“பொன்னு பொறந்ததே மண்ணுலதாம்மா. மஞ்சத் தண்ணியில அலம்பிக் குடுக்கிறேன்” என்றார் ஆசாரி. அவள் சமாதானமாகி எழப் போனாள். ஏகாம்பரம் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

“ஆயா, எயுதணும். எயுதினாத்தான் ஆட்டம் முடியும்.”

“எனக்கு எயுதத் தெரியாதுடா” என்றாள் முனியம்மாள். அவள் குரல் அவ்வளவு சன்னமாக ஒலித்து நான் கேட்டதே இல்லை. பையன் அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து, மணலில் ஒரு ‘த’ போட வைத்தான். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் ராகு காலம் நினைவு வந்து ஓடினாள்.

3. பட்டியல்

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. நான் முன்பந்தியிலேயே சாப்பிட்டேன். அன்று கற்றுக்கொண்ட பாடத்தைப் பிறகு வேலை பார்த்த எல்லாப் பள்ளிக்கூடத்திலும் கடைப்பிடித்தேன். பிள்ளை கொண்டுவரும் பொருளை உள்ளே வரும்போது ஒரு தரம் எழுது, வெளியே போகும்போது ஒரு தரம் டிக் பண்ணு. இன்னொன்று, சின்னப் பிள்ளைக்குச் சட்டம் போடும்போது யோசித்துப் போடு. நீ மறந்தாலும் அது மறக்காது.

ஆனால் தாலி மண்ணில் புதைந்த கதை ஊரெல்லாம் பரவிவிட்டதால், வகுப்பு நிலைக்குமா என்ற பயம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்தது. நோட்ஸ் எழுதக் கை வரவில்லை. திங்கட்கிழமை காலை வாசலில் நின்று எண்ணினேன். ஜைத்தூன் வந்தாள், ஏகாம்பரம் வந்தான், பதினோரு பேரும் வந்துவிட்டார்கள். கதவைச் சாத்தப் போனேன்.

“இரும்மா, சாத்தாத” என்று முனியம்மாள் வேகமாக வந்தாள். மடியில் ஒரு பூவரச இலைப் பொட்டலம். நேரே உள்ளே போய், பிள்ளைகளுக்கு நடுவில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“இந்த வாரம் இன்னா எயுத்து?”