முப்பத்திரண்டாவது வட்டம்

எழுபதுகளின் கடைசியில் நான் மட்டாஞ்சேரியில் குடியிருந்த கணக்கு வாத்தியார். என் ஆராய்ச்சியில் பாதி என் மனைவியின் வளையல்களால் நடந்தது. அதை எந்தக் கட்டுரையிலும் நான் எழுதவில்லை.

என் ஆராய்ச்சிப் பொருள், எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்து, ஒரு சொல்லை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவுசெய்யும் இயந்திரம்; காகிதத்தில் மட்டுமே இருப்பது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வட்டம், வட்டத்துக்கு வட்டம் அம்பு. ஏற்கும் நிலைக்கு இரட்டை வட்டம். கைவளையலால் வெளிவட்டமும், சிறுவயது வளையலால் உள்வட்டமும் அவள்தான் போடுவாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் அம்பின்மேல் விரலை ஓட்டினால் தப்பு அகப்பட்டுவிடும்.

என் இயந்திரத்துக்கு ஐந்தே நிலைகள். அதே சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிப் படிக்க முப்பத்திரண்டு நிலைகள் வரை தேவைப்படலாம். என்னுடையது அந்த உச்சத்தைத் தொடுகிறதா என்பதுதான் கேள்வி. எனக்கு முப்பத்தொன்றுதான் வந்தது. இரண்டு நிலைகள் ஒரே மாதிரி நடந்துகொண்டதால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். மூன்றெழுத்துச் சொற்கள் வரை சோதித்துப் பார்த்திருந்தேன். அது போதுமென்று நினைத்தேன்.

"இது ரெண்டும் ஒண்ணில்லை, கேட்டேளா," என்றாள். "இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கோ."

கட்டுரையை அன்றே ஆய்விதழுக்குத் தபாலில் சேர்க்கும் அவசரம் எனக்கு. "வட்டம் போட்டாப் போறும். உனக்கு இதுல என்ன தெரியும்? போய் சாயா போடு," என்றேன்.

சாயா வந்தது. வளையல்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வட்டம் போட நான் கூப்பிடவில்லை, அவளும் வரவில்லை. என் வீம்பு அப்படி. அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சல் கண்டு ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

அவள் போய் மூன்று மாதம் கழித்துக் கட்டுரை திரும்பி வந்தது. முப்பத்தொன்று தவறு, முப்பத்திரண்டு என்று ஒரு வரி. எங்கே தவறினேன் என்று பார்க்கப் பரணிலிருந்து பழைய வரைபடத் தாளை எடுத்தேன். அன்று வெறுமையாக இருந்த அதன் பின்பக்கத்தில், பென்சிலில், நான் சேர்த்துவிட்ட இரண்டு நிலைகளும் தனித்தனி வட்டங்களாக இருந்தன. கீழே நான்கு எழுத்துகள்: அ ஆ ஆ அ. நான் விரட்டிய பிறகும் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்திருக்கிறாள்.

அவள் செய்த மாதிரியே விரலை வைத்து ஓட்டினேன். மூன்றாவது எழுத்து வரை வித்தியாசம் எதுவும் இல்லை. நான்காவதில் ஒன்று ஏற்றது, மற்றது தள்ளியது.

அடுக்களைப் பக்கம் திரும்பி, "நீ சொன்னதுதான் சரி," என்றேன். அடுப்பு மூட்டி மூன்று மாதமாகியிருந்தது.