உதட்டுப் புள்ளியும் சித்தி வீட்டுத் தண்ணீரும்

அண்ணனின் ஓராண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். தாலுகா அலுவலகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் குறிப்பு எழுதி ஓய்வு பெற்றவள் என்பதால், சுருக்கமாக முடிப்பேன் என்று நம்பி நினைவு மலருக்கான இந்தக் கட்டுரையைத் தங்கையான என்னிடம் விட்டிருக்கிறார்கள்.

அண்ணன் வடக்குப்பட்டில் பிறந்தார். கீழ் உதட்டில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அவை உண்டு. நாவல்பழம் தின்றுவிட்டு வாய் துடைக்காத வகையறா என்று ஊரில் எங்களைக் கேலி செய்வார்கள். எனக்கு மட்டும் புள்ளி இல்லை. சின்ன வயதில் அதற்காக அழுதிருக்கிறேன்.

அண்ணனுக்குப் பதினேழு வயதில், சித்தப்பா மகன் வேலுவுக்குக் காதுகுத்து நடந்தது. அங்கே சாப்பிட்டு வந்த அப்பாவுக்கு வயிற்றுவலி எடுத்தது. நாட்டு வைத்தியத்தில் வயிற்றைத் தடவிக் குடல் தட்டினார்கள், சாப்பிட்டது உள்ளே சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் அப்பா இறந்தார். சித்தி சோற்றில் மருந்து வைத்துவிட்டதாக அம்மா சொன்னார். அப்போது பாகப்பிரிவினை நடந்துகொண்டிருந்ததால் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. சாட்சி, விசாரணை, மேல்முறையீடு எதுவும் இல்லாமல் தீர்ப்பு நிலைத்தது. அதன்பிறகு நாங்கள் சித்தி வீட்டில் கை நனைத்ததில்லை. சில ஆண்டுகளில் சித்தப்பாவும் அதே வயிற்றுவலியில் போனார். எங்கள் அம்மா செய்வினை வைத்ததாக அவர்கள் சொன்னார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகள், ஒரே தெருவில் எதிரெதிராக, இரண்டு வீடும் இப்படியே இருந்தன.

அப்பா போனதும் அண்ணன் பள்ளியை விட்டு, வாலாஜாபாத் அரிசி ஆலை லாரியில் கிளீனராக ஏறினார். நான் கல்லூரி முடித்தது அந்த லாரியால்தான். ஒரகடத்தில் தொழிற்சாலைகள் வந்தபிறகு கம்பெனி பஸ் ஓட்டினார். ஷிஃப்ட்டுக்குத் தாமதமாக ஓடிவரும் பெண்ணுக்காக பஸ்ஸை நிறுத்துவார், ஏறியபின் கம்பெனி வாசல்வரை திட்டிக்கொண்டே போவார். இரண்டிலும் அவர் குறை வைத்ததில்லை.

ஓய்வுக்குச் சற்றுமுன் அவருக்கு ரத்தம் குறைய ஆரம்பித்தது. மாத்திரை கொடுத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு மேலே பார்த்தார்கள், பின் வழியாக விட்டுக் கீழே பார்த்தார்கள். இரண்டு சீட்டிலும் குறையில்லை. இடையில் இருக்கும் இருபதடி சிறுகுடலுக்கு எந்தக் குழாயும் பொறுப்பில்லை. எந்த அலுவலகத்திலும் இப்படி ஒரு இடைவெளி உண்டு, கோப்பு அங்கேதான் கிடக்கும்.

குடல் அடைத்துக்கொண்டு சென்னைக்குக் கொண்டுபோனபோது, ஓர் இளம் டாக்டர் வயிற்றைத் தொடும் முன்பு வாயைத் திறக்கச் சொன்னார். கன்னத்தின் உட்புறத்திலும் புள்ளிகள் இருந்தன. அறுவை சிகிச்சையில் சிறுகுடலில் பல சதைமுளைகளும், அவற்றில் ஒன்றில் புற்றுநோயும் தெரிந்தன. உதட்டுப் புள்ளியை அடையாளமாகக் கொண்ட அந்தப் பரம்பரை நோய்க்கு இரண்டு அயல்நாட்டு டாக்டர்களின் பெயர். முதலில் கண்டவர் பெயரை வைப்பார்களாம். எங்கள் ஊரார் அதற்கு முன்பே கண்டு நாவல்பழம் என்று வைத்திருந்தார்கள்.

பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் சொல்லி, குடும்பக் கிளைகளை ஒரு தாளில் எழுதச் சொன்னார். எத்தனையோ வாரிசுச் சான்றுகளை விசாரித்து, மறைக்கப்பட்ட வாரிசுகளைத் தேடிப் பிடித்தவள் நான். ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன்.

டாக்டர் கேட்டார்: "அப்பா கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா?"

"இல்லை" என்றேன்.

படுக்கையிலிருந்து அண்ணன் சொன்னார்: "இருக்காங்க டாக்டர். நாங்க பேச மாட்டோம். ஏய், சித்தப்பாவ எழுது. வேலுவ எழுது."

வேலுவுக்கு நாற்பத்தாறு வயது, ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தி லைன் சூப்பர்வைசர். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான் என்று பஸ்ஸில் வருபவர்கள் அண்ணனிடம் சொல்லியிருந்தார்களாம். தையல் பிரித்த வாரமே அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனார்.

சித்தி வாசலிலேயே நிறுத்தினார். "இன்னா, வழி தப்பி வந்துட்டியா?"

"தண்ணி குடு சித்தி."

"எங்க வூட்டுத் தண்ணியா? மருந்து போட்டிருப்பேன்டா."

"நாப்பத்தஞ்சு வருஷமா உங்க வூட்ல பச்சத்தண்ணி குடிக்கல. அப்பவும் எனக்கு அப்பா நோவு வந்துகிச்சே. யாரு வெச்சாங்களாம்?"

சித்தி உள்ளே போனார். திரும்பி வர நேரமானது. சொம்பைக் கொடுத்துவிட்டு, அண்ணன் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவளுக்கு வேணாமா? ஆபீசரம்மா" என்றார். நானும் குடித்தேன்.

ஷிஃப்ட் முடிந்து வந்த வேலுவின் உதட்டை அண்ணன் இழுத்து, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார்.

"இன்னாண்ணா, மாட்டுக்குப் பல்லு பாக்கிற மாதிரி பாக்கிற?"

"மாடா இருந்தா இந்நேரம் டாக்டருகிட்ட ஓட்டிகினு போயிருப்பே. நாளைக்கு லீவு போடு."

"லைன் நின்னுடும்ணா."

"நானும் அங்கதான் பஸ்ஸு ஓட்னேன். ஒருத்தன் வரலன்னு எந்த லைனும் நின்னு பாத்ததில்ல."

அவன் சிரித்தான், ஆனால் லீவு போடவில்லை. மூன்று வாரம் அண்ணன் தினமும் போன் செய்தார். நான்காம் வாரம் சித்தியே மகனின் சட்டையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். காப்பீட்டு அட்டை, பரிந்துரைக் கடிதம், ஒப்புதல் படிவம் எல்லாவற்றையும் நான் மூன்று நகல்களுடன் வைத்திருந்தேன். கேமரா உள்ள மாத்திரை ஒன்றை வேலு விழுங்கினான். சிறுகுடலில் எலுமிச்சையளவு முளை ஒன்றும், சிறியவை சிலவும் இருந்தன. நீளமான குழாய் விட்டு அவற்றை வெட்டி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள்.

அதற்குள் அண்ணனுக்கு நோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது. கஞ்சித் தண்ணீர் மட்டும் இறங்கியது. தன் வலியைப் பற்றிக் கேட்டால், "வேலு ரிசல்ட்டு வந்துச்சா?" என்று திருப்பிக் கேட்பார். பத்தாம் நாள் முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. அண்ணியும் நானும் கட்டிலருகே நின்று படித்துக் காட்டினோம்.

"கேன்சரு இல்லியா?"

"இல்லண்ணா. வருஷா வருஷம் பாத்துக்கணுமாம்."

"அப்ப ஷிஃப்ட்டுக்குப் போவச் சொல்லு. ஊட்ல உக்காந்துகினு லைன் நின்னுச்சுன்னு கத விடப்போறான்."

அன்று மாலைவரை தூங்கினார். நோய் வந்தபிறகு அவர் அவ்வளவு நேரம் தூங்கி நாங்கள் பார்த்ததில்லை. அடுத்த மாதம் காலமானார். துக்கம் உண்டு. ஆனால் இந்த ஓராண்டில், மனம் இவ்வளவு லேசாக இருக்கலாமா என்று அண்ணியும் நானும் ஒருவரையொருவர் பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறோம். அண்ணன் மகனுக்கும் எனக்கும் ரத்தப் பரிசோதனையில் குறையில்லை. வேலுவின் மகளுக்கு இருக்கிறது, ஆனால் பதினைந்து வயதிலேயே தெரிந்துவிட்டது.

வாயைத் திறக்கச் சொன்ன டாக்டருக்கும், ரத்தம் கொடுத்த கம்பெனி பஸ் ஓட்டுநர்களுக்கும், பதினான்கு மாதம் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும் எங்கள் நன்றி. ஆறுதல் சொல்ல வந்து தங்கள் வயிற்றுவலியைப் பற்றி மணிக்கணக்கில் பேசியவர்களுக்கும் நன்றி. அவர்களில் இருவருக்கு முளை இருந்தது, எடுத்தாயிற்று.

சித்திக்குச் சொல்ல வேண்டியது வேறு. "வாயால சொன்னா ஊரு மறந்துடும், அச்சுல போடு" என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போனார். ஆகவே போடுகிறேன்: சித்தி எங்கள் அப்பாவுக்கு எதையும் வைக்கவில்லை. எங்கள் அம்மா சொன்னது தவறு. விவரம் தெரிந்த வயதிலும், படித்த பிறகும் அதை நம்பிய நான் செய்தது அதைவிடப் பெரிய தவறு. மன்னிக்க வேண்டும்.

இன்று மதியச் சாப்பாடு சித்தி வீட்டில். சாப்பிட்டு முடித்ததும், எங்கள் வகையறாவில் உதட்டிலோ கன்னத்தின் உள்ளேயோ புள்ளி உள்ளவர்கள் வெட்கப்படாமல் என்னிடம் வரவும். படிவங்கள் கொண்டுவந்திருக்கிறேன்.