பிலோமினா அக்கா நம்பாத பட்டியல்

கண்டி மஹய்யாவவிலிருந்து பிலோமினா அக்காவின் மகள் போனில் பேசினாள். "அன்ட்டி, அம்மா போயிட்டாங்க." யார் பார்த்தது, எந்த டாக்டர் சொன்னார் என்று கேட்டுவிட்டேன். அக்காவோடு வேலை செய்த பழக்கம். பிள்ளை விம்மி அழுதாள், எனக்கு வெட்கமாகப் போயிற்று.

கண்டிக்கு வெளியே, மலைச்சரிவில் இருக்கும் பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியில் நாங்கள் இருவரும் உதவிக் காப்பாளர்கள். அங்கே இருந்தவர்களுக்கு அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. தீயணைப்புக் கருவியில் ஒட்டிய திகதியை நம்பாமல் தூக்கிக் குலுக்கிப் பார்ப்பார். சுவர் நகர்கிறதா என்றறிய, பின்சுவர் வெடிப்பின் மேல் கண்ணாடித் துண்டு ஒட்டுவார். அது உடைந்தபோது, "பிள்ளைங்க உடைச்சிருப்பாங்க" என்றார்கள் பராமரிப்புக்காரர்கள். அக்கா பிள்ளைகளையும் நம்பவில்லை, அவர்களையும் நம்பவில்லை. கை எட்டாத உயரத்தில் இன்னொன்றை ஒட்டினார்.

மண்சரிவு வந்தால் வெளியேறப் பழகும் அனர்த்த ஒத்திகையில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அறைக்கு ஒருத்தி வந்து எல்லாருக்கும் சேர்த்துக் கையெழுத்து வைத்துவிடுவாள், தேநீர் ஆறுமுன் வேலை முடிந்துவிடும். "சைன் எந்திரிச்சு ஓடி வருமா? ஆளக் காட்டுங்க" என்பார் அக்கா. நாங்கள் சிரிப்போம்.

மழை விடாத ஒரு காலையில் உயரத்துக் கண்ணாடியும் உடைந்தது. யாரையும் கேட்காமல் அக்கா விடுதியைக் காலி செய்யச் சொன்னார். கீழ் மண்டபத்தில் நான் கையெழுத்துப் பட்டியலை நீட்டினேன். "எல்லாரும் வந்துட்டாங்க அக்கா."

"நீங்க பார்த்தீங்களா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் கூட இருந்தும் என்னையுமா? முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். திரும்பும்போது முதலாம் வருடப் பிள்ளை ஒருத்தி அவர் தோளில் சாய்ந்து வந்தாள். காய்ச்சலுக்குக் குளிசை போட்டுத் தூங்கியிருக்கிறாள். ஊருக்குப் போய்விட்டாள் என்று நினைத்து, தோழி வழக்கம்போல அவளுக்கும் சேர்த்துக் கையெழுத்து வைத்திருந்தாள். அன்று பின்னேரம் அவள் அறைக்குள் மலை வந்து இறங்கியது.

விசாரணை அறிக்கையில், முன்னாயத்தம் ஒழுங்காக இருந்ததற்குச் சான்றாக என் பட்டியலையே இணைத்திருந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. அக்காவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அடக்கத்தன்று அதிகாரி ஒருவர், "சக ஊழியர்களை முழுமையாக நம்பியவர்" என்று பேசினார். அவர் எங்கள் விடுதிப் படி ஏறியவரா என்பதே எனக்குச் சந்தேகம். பிறகு, அன்று காய்ச்சலில் தூங்கிய அந்தப் பிள்ளை தன் தாயைக் கூட்டிவந்தாள். "இந்த மிஸ்ஸும்தான் என்னைக் காப்பாத்தினாங்கம்மா." தாய் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இல்லங்க, எல்லாரும் வந்துட்டாங்கன்னு சொன்னதே நான்தான். அக்கா என்னை நம்பல."

அக்கா என்னை நம்பாமல் போனாரே, அதைத்தான் அவர் நினைவாக வைத்திருக்கிறேன்.