அளவு தப்பாத பல்

செஞ்சியில் என் கீழ்க்கடைவாய்ப் பல்லுக்குக் கிரவுன் என்னும் செயற்கைப் பல்லுறை பொருத்திய மருத்துவர், காதோரம் நரைத்த மெலிந்த மனிதர். என் வாயைவிடக் கணினித் திரையையே அதிகம் பார்ப்பார். கணினியில் வடிவமைத்து இயந்திரம் கடைந்த அந்த கிரவுன் மேல்பல்லில் இடித்தது.

"உயரமா இருக்குது சார்."

"கம்ப்யூட்டர் அளவும்மா, தப்பாது. கண்ண மூடிக்கம்மா, சரி பண்ணிடறேன்."

நம்பி மூடினேன். ராவும் ஓசை நின்றபின் இடிக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக் கண்ணாடியில்தான் கண்டேன்: கிரவுன் அப்படியே இருந்தது, பழுதற்ற என் மேல்பல்லின் முனை தேய்ந்திருந்தது.

மறுநாள் போய்க் கேட்டேன். "என் நல்ல பல்லையா சார் ராவுனீங்க?"

"பின்ன? அவ்ளோ கரெக்டா செஞ்சு வந்தத எப்படிம்மா ராவறது?"

அவர் குரலில் தயக்கமே இல்லை. என்னைக் கேட்காமலே என் பல்லைப் பிழையென்று முடிவுசெய்தவர், வாசல்வரை வந்து, "இப்ப நல்லா மெல்ல முடியுதா?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். மெல்ல முடிந்தது. அதை அவரிடம் சொல்லத்தான் எனக்கு மனம் வரவில்லை.